துறைமுக நகரும் நச்சு வாயுவும்

கொச்சியின் மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்று கிழக்கே நோக்குவோர்க்கு வில்லிங்டன் தீவு கண்ணெதிரே தோன்றும். அத்தீவிலிருந்த 10,000 டன் கொள்ளளவுள்ள அமோனியாத் தொட்டியை அகற்றுமாறு கேரள உயர்நீதிமன்றம் 1994-இல் கட்டளையிட்டது. வழக்கு பின்னர் உச்சநீதிமன்றத்திற்குச் சென்றது. தொட்டி உடைந்தால் நகரமக்களுக்கு நேரக்கூடிய தீங்கே வழக்கின் பொருளாகும்.

அமோனியா போர்க்கருவியன்று, உரத்தொழிலுக்கு இன்றியமையாதது. எனினும் அது கண்ணையும் மூச்சுக்குழலையும் புண்ணாக்கும் விதம், 1915-இல் பெல்ஜியப் போர்முனையில் குளோரின் விளைவித்த தீங்கை ஒத்ததே. காற்றினும் இலேசானதெனினும், குளிர்ந்த திரவமாகச் சிந்தும்போது வெண்புகையாய்த் தரையோடு தவழ்ந்து செல்லும்.

இத்தகைய விபத்தில் அறியாமை எவ்வளவு கேடு செய்யும் என்பதற்கு இத்தாலியின் பாரி துறைமுகம் சான்று. 1943 டிசம்பர் 2-ஆம் நாள் விமானத் தாக்குதலில் 'ஜான் ஹார்வி' என்னும் கப்பல் வெடித்தது. அதிலிருந்த கடுகு வாயுக் குண்டுகளைப் பற்றிய செய்தி மறைக்கப்பட்டிருந்தது. நச்சு கலந்த எண்ணெயில் நனைந்து கரையேறிய மாலுமிகளைக் குளிரால் வாடுவோர் எனக் கருதி, நனைந்த ஆடையோடே கம்பளியில் போர்த்தி வைத்தனர். கடுகு வாயு பட்டவுடன் வலி தோன்றாது. கொப்புளமும் கண் வீக்கமும் பல மணி நேரம் கழித்தே வெளிப்படும். அதற்குள் நஞ்சு உடலிற் புகுந்துவிடும். பாதிக்கப்பட்ட அறுநூற்றுக்கும் மேற்பட்டோரில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒரு வாளி நீரும் சவர்க்காரமும் உரிய வேளையில் கிடைத்திருப்பின் பலர் பிழைத்திருக்கக்கூடும்.

இந்தியா 1997-இல் அறிவித்த 1,044 டன் கடுகு வாயு இருப்பு 2009-க்குள் முற்றிலும் அழிக்கப்பட்டது. தொழிலுக்குரிய நச்சுப் பொருள்களோ இன்றும் துறைமுகங்கள் வழியே செல்கின்றன. ஆகவே களப்பணியாளரும் ஆசிரியரும் அறியவேண்டுவது சிலவே. காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிச் செல்லுதல் வேண்டும். மருத்துவமனை வாயிலுக்குள் நுழையுமுன்பே ஆடையைக் களைந்து உடலையும் கண்ணையும் ஏராளமான நீரால் கழுவுதல் வேண்டும், கண்ணைக் கசக்கலாகாது. 1995-இல் டோக்கியோவில் சாரின் தாக்கியபோது, நோயாளிகளின் ஆடையிலிருந்து எழுந்த ஆவியால் மருத்துவ ஊழியர் பலரும் துன்புற்றனர். திரவ அமோனியா பட்டுத் தோலோடு உறைந்து ஒட்டிய துணியைப் பிய்த்தெடுத்தல் தவறு. நீரூற்றி இளக்கிய பின்னரே நீக்குக. அமோனியாவுக்கு மாற்று மருந்து இல்லை. பிராணவாயு அளிப்பதே சிகிச்சை. இருமல் தணிந்த மாணவனையும் உடனே வீட்டுக்கு அனுப்பலாகாது; நுரையீரலில் நீர் கோப்பது ஒரு நாள் வரை தாமதித்தும் நிகழும்.