காய்ச்சலும் பாய்ச்சலும்

ஆவடியிலிருந்து திருவள்ளூர் செல்லும் இருப்புப்பாதையில் பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு ஆகிய நிலையங்களைக் கடந்ததும் வருகிற செவ்வாப்பேட்டைக்கு அருகே, திரூர் என்று இன்று வழங்குகிற திரூர்குப்பத்தில், 1942 முதல் நெல்லுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் நடந்துவருகிறது. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டையும் எழுவதற்கு முன்னரே, ஏரிப்பாசனமே ஜீவனமாயிருந்த இந்தப் பிரதேசத்துக் குடியானவர்களை உத்தேசித்து ஏற்பட்ட அந்நிலையம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக இன்றும் இயங்குகிறது. அங்கே உருவான ரகங்களுக்கு ஊர்ப்பெயரை ஒட்டியே டி.கே.எம். என்று பெயர் வைத்தார்கள். 1952-இல் வெளிவந்த டி.கே.எம். 6, தண்டுத்துளைப்பானைத் தாங்கி நிற்கும் குணத்துக்காகப் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரால் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1969-இல் அவர்கள் வெளியிட்ட ஐ.ஆர். 20 என்னும் புகழ்பெற்ற நெல்லுக்குப் பெற்றோரில் ஒன்றாயிற்று. செங்கற்பட்டுச் சீமையின் குணமொன்று அவ்வாறு ஆசியாவின் வயல்களுக்குச் சென்ற வரலாறு, இந்தப் பக்கத்தில் மனை வாங்கிக் குடியேறியிருக்கும் பலருக்குத் தெரியாது.

அக்காலத்தில் நெல்லைக் குறித்து எழுந்த கேள்விகள் இரண்டே: ஏக்கருக்கு எத்தனை மூட்டை காணும், பூச்சி அண்டாமல் தாங்குமா என்பன. இப்போது அவற்றோடு மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அந்த வயலிலிருந்து ஆகாயத்துக்கு எவ்வளவு மீத்தேன் போகிறது என்பது அது.

நடவு வயலில் ஜலம் தேங்கி நிற்கும்போது மண்ணுக்குள் பிராணவாயு புக வழியில்லாமல் போகிறது. அந்த இருட்டில், பழைய தாளடியையும் தழையுரத்தையும் வேர்க்கழிவையும் தின்று ஜீவிக்கிற சில நுண்ணுயிர்கள் மீத்தேன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. களையெடுக்கச் சேற்றில் இறங்குகிறவர்களின் பாதம் அழுந்துமிடத்தில் குபுகுபுவென்று குமிழிகள் கிளம்புவதை யாரும் பார்த்திருக்கலாம். அவற்றில் இருப்பது பெரும்பாலும் இவ்வாயுதான். ஆனால் வெளியேறுவதில் பெரும்பகுதி குமிழியாகப் போவதில்லை. நீரில் நிற்கிற வேர் மூச்சுவிட வேண்டும் என்பதற்காக நெற்பயிரின் தண்டுக்குள் இயற்கையே அமைத்திருக்கும் காற்றுத் துவாரங்களின் வழியாக, புகைபோக்கியில் புகை போவதுபோல, அது கண்ணுக்குத் தெரியாமல் மேலே ஏறிவிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு டன் மீத்தேன் சுமார் 27 டன் கரியமில வாயுவுக்குச் சமமான உஷ்ணத்தைப் பூமியில் தேக்கிவைக்கிறது. ஆயினும் அது சுமார் 12 ஆண்டுகளிலேயே காற்றில் சிதைந்துவிடுவதால், இன்று அதைக் குறைத்தால் அதன் பலனை நம் தலைமுறையிலேயே காணலாம். இந்த ஆராய்ச்சிக்கு இவ்வளவு மதிப்பு ஏற்பட்டதற்கு அதுவே காரணம்.

நெல் விளைவிக்கிற ஏழை நாடுகளின்மேல் இதை வைத்து ஒரு குற்றச்சாட்டு எழுந்ததும், அதற்கு நம் நாட்டு விஞ்ஞானிகள் விடை சொன்னதும் நினைவில் வைக்கத்தக்கவை. இந்திய நெல்வயல்களிலிருந்து ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் கிளம்புகிறது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1990-ஐ ஒட்டி ஒரு மதிப்பீடு வெளியிட்டது. எப்போதும் நீர் நிற்கிற மேலைநாட்டு வயல்களில் அளந்ததை, மழையை நம்பிப் பாதி நாள் காய்ந்து கிடக்கிற நம் வயல்களின் பரப்பால் பெருக்கிச் சொன்ன கணக்கு அது. இதை ஒப்புக்கொள்ளாத விஞ்ஞானி ஏ.பி. மித்ராவின் தலைமையில், டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் முயற்சியால், 1991-இல் நாட்டின் பல பிரதேசங்களில் நேரடியாக அளக்கும் இயக்கம் ஒன்று நடைபெற்றது.

அளக்கும் முறை எளிது. ஆனால் பொறுமை வேண்டும். கண்ணாடிபோல் தெளிவான அக்ரிலிக் பெட்டி ஒன்றை நாலைந்து குத்துகளின்மேல் கவிழ்த்து, அதன் விளிம்பை நீரில் அமிழ்த்திக் காற்றுப் புகாதபடி அடைத்து, குறித்த இடைவெளியில் ஊசிக்குழலால் உள்ளேயிருக்கும் காற்றைச் சிறிது சிறிதாக உறிஞ்சி எடுத்துச் சென்று, பரிசோதனைக் கூடத்தில் மீத்தேனின் அளவைக் காண்கிறார்கள். அது நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறுகிற வேகமே வயலின் கணக்கு. நாற்று வேர்பிடிக்கிற நாளிலும், தூர்கட்டும் நாளிலும், கதிர்விடும் நாளிலும் அந்த வேகம் மாறுபடும் ஆதலால், நடவு முதல் அறுவடைவரை இதைத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். அவ்வாறு அளந்து கண்டது சுமார் 40 லட்சம் டன்; சொல்லப்பட்டதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. தூரத்தில் உட்கார்ந்து போட்ட கணக்கை, சேற்றில் இறங்கி எடுத்த கணக்கு தள்ளிவிட்டது. 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டையொட்டிப் பல தேசங்கள் மீத்தேன் உறுதிமொழியில் கையொப்பமிட்டபோது இந்தியா விலகி நின்றதற்கும் இந்த அனுபவம் ஒரு காரணமாயிருக்கலாம். கால்காணி வைத்திருப்பவனுடைய சோற்றையும் செல்வந்த நாட்டுக்காரனுடைய சொகுசையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகாது என்பதே என் அபிப்பிராயமும். ஆனால் நம்மீது சொன்ன பழி மிகை என்பதால், குறைக்கக்கூடியதைக் குறைக்காமல் இருந்துவிடலாம் என்று ஆகாது. அதிலும் அவ்வாறு குறைப்பதனால் ஜலமும் மிச்சமாகுமானால் விட்டுவிடுவதற்கு முகாந்திரமே இல்லை.

அதற்கான வழி, காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் குடியானவர்கள் சொல்கிற முறைதான். பாய்ச்சிய நீர் மறைந்து, மண்ணில் மயிரிழைபோல் வெடிப்பு தோன்றும்வரை பொறுத்து, பிறகு மறுபடியும் பாய்ச்சுவது. காற்று உள்ளே புகுந்ததும் மீத்தேன் செய்யும் நுண்ணுயிர்களின் வேலை நின்றுபோகிறது. இவ்வாறு பலமுறை காயவிடும் வயலில், எப்போதும் நீர் நிற்கும் வயலைவிட மீத்தேன் ஏறத்தாழ 45 சதவிகிதம் குறையும் என்பது ஐ.நா.வின் பருவநிலை விஞ்ஞானக் குழுவினர் கணக்கெடுப்புக்காக வகுத்துள்ள அளவு. எவ்வளவு காயலாம் என்ற சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சிறிய சாதனம் உண்டு. ஒரு அடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளையிட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வரப்போரமாகப் பதித்து, உள்ளேயுள்ள சேற்றைக் கையால் அள்ளி எடுத்துவிட்டால், மண்ணுக்குள் நீர் எங்கே நிற்கிறது என்பது குழாய்க்குள் பிரத்தியட்சமாகத் தெரியும். மேல்மண் காய்ந்து தோன்றினாலும் அரையடி ஆழத்துக்குள் நீர் இருக்கும்வரை வேருக்குப் பஞ்சமில்லை. அதற்குக் கீழே இறங்கினால் பாய்ச்ச வேண்டும். பூக்கிற சமயத்தில் மாத்திரம் காயவிடக் கூடாது. அப்போது தாகம் எடுத்தால் கதிர் பதராகிவிடும்.

இதே நீர்முறையைத் தன் அங்கமாகக் கொண்டதுதான் திருந்திய நெல் சாகுபடி. மடகாஸ்கர் தீவில் ஆன்ரி தெ லொலானியே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1983-ஐ ஒட்டிக் கண்டறிந்த முறையைத் தழுவி, இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பரிசோதித்துப் பரப்பிய சாகுபடி அது. பதினாலு நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, சதுரமாக நடுவதும், கோனோவீடர் என்னும் களைக்கருவியை உருட்டி மண்ணைக் கிளறிவிடுவதும் அதன் மற்ற அங்கங்கள். திருவள்ளூர்ப் பக்கத்தில் மானாவாரியாகச் செய்கிற புழுதி விதைப்பும், அவ்வளவாகப் பெயர் பெறாவிட்டாலும், இவ்விஷயத்தில் நல்லதே செய்கிறது. ஏரி நிரம்பும்வரை பயிர் காய்ந்த மண்ணிலேயே வளர்வதால், நீர் தேங்கும் நாள் அதற்குக் குறைவு.

இதில் ஓர் அபாயமும் உண்டு. ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வருகிற மண்ணில் யூரியாவை மிதமிஞ்சிப் போட்டால், பயிர் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய தழைச்சத்து நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவாக மாறும். அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு உஷ்ணம் தேக்குவது. நூறாண்டுக்கு மேல் காற்றில் தங்குவது. ஆகவே நீரில் சிக்கனம் பிடிக்கிறவர் உரத்திலும் சிக்கனம் பிடிக்க வேண்டும். வேப்பெண்ணெய் பூசிய யூரியா தழைச்சத்து விரயமாவதைத் தாமதப்படுத்துகிறது. 2015 முதல் நாட்டில் விற்கும் யூரியா முழுவதும் அவ்வாறு பூசப்படவேண்டும் என்று அரசாங்கம் விதித்தது. அதைவிட எளியது இலை வண்ண அட்டை. நட்டுப் பதினாலு நாள் கழித்து, வாரத்துக்கு ஒருமுறை, வெயில் ஏறுமுன் வயலில் இறங்கி, புதிதாக முழுவதும் விரிந்த இலையைத் தன் உடம்பு நிழலில் வைத்து அட்டையின் பச்சைப் பட்டைகளோடு ஒப்பிட்டு, பத்து இலைகளின் சராசரி நாலாம் எண்ணுக்குக் கீழே போனால் மாத்திரம் யூரியா இட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றே போதும்.

கால்நடையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இந்தியாவின் மொத்த வெப்ப வாயுக்களில் விவசாயத்தின் பங்கு நூற்றுக்குச் சுமார் பதினாலு. அதில் பாதிக்கு மேல் மாடுகளும் ஆடுகளும் அசைபோடுகையில் வெளிவருவது. தீவன ஆராய்ச்சி அதற்கென்று தனியே நடக்கிறது. எனினும் வைக்கோலை வயலிலே கொளுத்தாமல் மாட்டுக்குப் போட்டு, சாணத்தை எருவாக்கும் நம் ஊர் வழக்கத்தைக் குறைவாக மதிப்பிடுவதற்கில்லை.

காய்ச்சலும் பாய்ச்சலும் என்னும் இவ்வளவு எளிய முறை ஏன் எங்கும் பரவவில்லை என்று கேட்டால், குடியானவர்களின் அறியாமை என்று பதில் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. நாளை மடை திறக்கும் என்ற நிச்சயம் உள்ளவனே இன்று வயலைக் காயவிடத் துணிவான். முறை எப்போது வரும் என்று தெரியாதவன், கிடைத்த நீரை வரப்பு முட்டத் தேக்கிவைப்பதில் என்ன பிசகு? ஏரியின் மடையை நீர்க்கட்டி காவல் காத்து, முறை வைத்துப் பங்கிட்ட காலத்தில் அந்த நிச்சயம் இருந்தது. அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளின் ஆயக்கட்டில் இன்று தெருக்களும் தொழிற்கூடங்களும் நிற்கின்றன. பூவிருந்தவல்லிக்கு அப்பாலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி நகரத்தின் குடிநீருக்காயிற்று. எஞ்சிய வயல்கள் பெரும்பாலும் கிணற்றையும் மோட்டாரையும் நம்பியிருக்கின்றன. பம்புசெட்டுகளுக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். சிறு குடியானவனைக் காப்பாற்றிய அந்தச் சலுகையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மும்முனைக் கரண்டு குறித்த சில மணி நேரத்துக்கே வருவதால், வந்தபோது மோட்டாரைப் போட்டுவிடுவதே அவனுக்குப் புத்தியாகப் படுகிறது. மிச்சம் பிடித்த ஜலத்துக்கு அவன் கையில் ஒரு காசும் வருவதில்லை.

காசு வராமலே போனதும் இல்லை. சென்னையில் பஞ்சம் வந்த ஆண்டுகளில், திருவள்ளூர் மாவட்டத்து விவசாயிகளின் கிணறுகளிலிருந்து குடிநீர் வாரியம் நீரை விலைக்கு வாங்கிற்று. பலர் பயிரை விட்டு நீரை விற்றார்கள். பயிரையே நிறுத்துவதற்குப் பணம் கொடுத்த நகரம், பயிரும் செய்து நீரையும் மிச்சம் பிடிக்கிறவனுக்குக் கொடுக்கக் கூடாதா? வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு மீத்தேன் குறைத்த கணக்கை விற்றுக் காசாக்கலாம் என்று இப்போது பலர் வருகிறார்கள். சீனாவில் அவ்விதம் கணக்குக் காட்டிய 37 நெல்வயல் திட்டங்களை, அவற்றைப் பதிவு செய்திருந்த வெர்ரா ஸ்தாபனமே 2024-இல் நிராகரித்ததை நோக்கும்போது, அந்த வருமானத்தை நம்பி நம் விவசாயிகளை இறக்குவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

எந்தப் பருவத்தில் தொடங்குவது என்பதிலும் யோசனை வேண்டும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்று போகங்களில், சம்பா வடகிழக்கு மழையில் வளர்வது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பள்ளத்து வயலைக் காயவிடு என்று யாருக்கும் சொல்ல முடியாது. மார்கழி, தையில் நட்டுப் பங்குனி, சித்திரையில் அறுக்கிற நவரையோ வறண்ட பருவம். நீர் அருமையான காலமும் அதுவே. திரூர் ஆராய்ச்சி நிலையத்தாரும் நீர்வளத் துறையாரும் சேர்ந்து, ஒரு ஏரியின் ஆயக்கட்டை எடுத்துக்கொண்டு, ஒரு நவரைக்கு மடை திறக்கும் நாட்களையும், கிணற்றுப் பாசனக்காரர்களுக்கு மின்சாரம் வரும் நேரத்தையும் நடவுக்கு முன்பே எழுதிக் கொடுத்து, வயலுக்கு ஒரு குழாயைப் பதித்து, மகசூலையும் செலவான நீரையும் மீத்தேனையும் அளந்து, அந்தக் கணக்கைத் தமிழில் அச்சடித்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டட்டும். மகசூல் குறைந்தால் நஷ்டத்தை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும் என்ற வாக்குறுதியும் அதே காகிதத்தில் இருக்கவேண்டும்.