கரன்ட் போனாலும் போன் பேசணுமா? பேட்டரியை இப்பவே கவனிங்க!

புயல் நேரத்தில் கரன்ட் போனதும் நம் கை முதலில் தேடுவது செல்போனைத்தான். சொந்தக்காரர்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று கேட்கவும், 108-க்கு அழைக்கவும் சிக்னல் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் தாக்கியபோது, டெல்டா மாவட்டங்களில் பல ஊர்களில் கரன்டும் இல்லை, சிக்னலும் இல்லை. வெளியூரில் இருந்தவர்கள் வீட்டோடு பேச முடியாமல் தவித்தார்கள்.

கரன்ட் போனதும் செல்போன் டவரோ, டெலிபோன் எக்ஸ்சேஞ்சோ உடனே நின்றுவிடாது. அடுத்த நொடியே பேட்டரி கைகொடுக்கும். பிறகு டீசல் ஜெனரேட்டர் ஓடும். இந்த இரண்டையும் முன்கூட்டியே பராமரித்தால்தான் ஆபத்து நேரத்தில் போன் பேசும்.

24-ல் ஒன்று பழுதானால்?

எக்ஸ்சேஞ்ச் கருவிகள் 48 வோல்ட்டில் இயங்குபவை. அதற்காக 2 வோல்ட் செல்கள் 24-ஐ வரிசையாக இணைத்திருப்பார்கள். இதில் ஒரே ஒரு செல் பலவீனமானாலும் மொத்த பேட்டரியும் சீக்கிரம் இறங்கிவிடும். ஆனால், கரன்ட் இருக்கும்வரை அந்தக் குறை வெளியே தெரியாது!

அதனால்தான் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் தனித்தனியாக அளந்து குறித்து வைக்கிறார்கள். இணைப்புகளில் துரு ஏறாமல் துடைக்கிறார்கள். கரன்ட் இருக்கும்போதே அதை நிறுத்தி, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்றும் சோதிக்கிறார்கள். ஜெனரேட்டரையும் அவ்வப்போது ஓட்டிப் பார்க்க வேண்டும். சும்மா கிடக்கும் இன்ஜின், தேவைப்படும் நாளில் மக்கர் செய்யும்.

வெயிலும் ஓர் எதிரி. சுமார் 25 டிகிரிக்கு மேல் வெப்பம் 10 டிகிரி கூடினால், பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அங்கே ஏ.சி-யின் தூசியைத் தட்டுவதுகூட போன் சேவைக்கான வேலைதான்.

இனி நம் வீட்டிலும்...

பழைய லேண்ட்லைனுக்குச் செம்புக் கம்பி வழியே எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. அதனால் வீட்டில் கரன்ட் இல்லாவிட்டாலும் மணி அடித்தது. இப்போதைய ஃபைபர் கேபிளில் வருவது ஒளி மட்டுமே. வீட்டில் கரன்ட் போனால் மோடம் அணைந்துவிடும், லேண்ட்லைனும் வைஃபையும் நின்றுவிடும்.

எனவே, மோடத்தை இன்வெர்ட்டரிலோ சின்ன யு.பி.எஸ்-ஸிலோ இணையுங்கள். மழைக்காலத்துக்கு முன்பு ஒருநாள் மெயின் சுவிட்சை அணைத்து, அது எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். சீக்கிரமே அணைந்துவிட்டால், பேட்டரியை மாற்ற இதுதான் சரியான நேரம்!