உம்மாவின் மருந்துப் பையில் ஒரே குளிசை, இரண்டு பெயர்

கடந்த வருடம் ஒரு நாள் லுஹருக்குச் சற்று முன்னர், என் உம்மா திடீரென வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி உட்கார்ந்துவிட்டார். சீனி கரைத்த தண்ணீரைக் குடித்த பிறகுதான் தெளிந்தார். இரத்தத்தில் சீனி மிகவும் குறைந்திருந்தது. காரணம் அவருடைய மருந்துப் பைக்குள் இருந்தது.

அரசாங்க கிளினிக்கில் கொடுத்த காகித உறையில் கிளிக்லசைட் என்று எழுதியிருந்தது. பாமசியில் வாங்கிய பெட்டியில் பெரிய எழுத்தில் வேறொரு பெயர்; அதன் கீழே சிறிய எழுத்தில் அதே கிளிக்லசைட். உம்மா இரண்டையும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். தனியார் டொக்டரிடம் அவரைக் கூட்டிச் சென்றது நான்தான். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோகவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கும் நான், அந்த இரண்டு உறைகளையும் வாசிக்கவில்லை.

பனடோலும் பரசிட்டமோலும் ஒன்றுதான் என்பது நமக்குத் தெரியும். மற்ற மருந்துகளும் அப்படித்தான். மருந்தின் பெயர் ஒன்று. கம்பனிகள் வைக்கும் பெயர்கள் பல.

வயது போகப்போக சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகம் குறைகிறது. அதனால் சில மருந்துகள் உடலில் கூடுதல் நேரம் தங்கும். மூட்டுவலிக்கென்று நாமாகவே வாங்கிக் கொடுக்கும் டைக்ளோபினாக் பிரசரைக் கூட்டலாம், சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். மருந்துகளால் ஏற்படும் தவிர்க்கக்கூடிய தீங்கைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2017இல் தனித் திட்டமே தொடங்கியது.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை பெரிய வேலையல்ல. குளிசை, பாணி, கண் மருந்து, நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். தனியார் டொக்டரிடமும் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். ஏசுவார் என்று மறைக்க வேண்டாம். ஒவ்வொரு குளிசையும் எதற்கு, எப்போது, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டு, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அதேநேரம், எதையும் நாமாக நிறுத்தவும் கூடாது.

நோன்பு காலத்தில் இது இன்னும் முக்கியம். சீனி வருத்தக் குளிசையை ஸஹருக்கும் இப்தாருக்கும் நாமாகவே மாற்றிவிடுகிறோம். ரமழானுக்கு ஓரிரு மாதம் முன்பே டொக்டரிடம் கேட்டு, அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்று இரவே உங்கள் உம்மா, வாப்பாவின் மருந்துப் பையை ஒருமுறை திறந்து வாசித்துப் பாருங்கள்.