ஷோலாவுக்கு எட்டுப் புள்ளி

மழை பிடித்துக்கொண்டால் பழனி மலையிலுள்ள வடகவுஞ்சிப் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே ஆட ஒரு நல்ல ஆட்டம் உண்டு: ஆங்கிலக் குறுக்கெழுத்து. 1971-இல் 'தி ஹிந்து' நாளிதழில் அது தொடங்கியபோது புதிர்களை அமைத்துத் தந்தவர், செங்கல்பட்டில் பிறந்த வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி. 1958-இல் நம் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியரும் அவரே!

கட்டம் நிரம்ப மறுக்கிறதா? முதலில் கடைசிக் கட்டங்களைப் பாருங்கள். குறிப்பு ஒரு செயலைச் சொன்னால் ஐ, என், ஜி பொருந்தலாம். பன்மை என்றால் பெரும்பாலும் எஸ். க்யூ விழுந்தால் அடுத்தது அநேகமாக யூ.

எழுத்து வில்லைகளால் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் ஆடுவோருக்கும் இதே கணக்குதான். அதை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாள்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று பொறுமையாக எண்ணிப் பார்த்தார். அதனால்தான் 100 வில்லைகளில் ஈ மட்டும் 12. க்யூ ஒன்றே ஒன்று, அதற்கு 10 புள்ளி.

நம் பழனி மலையின் சோலைக்காடுகூட ஆங்கில அகராதியில் 'ஷோலா' என்று இடம்பிடித்திருக்கிறது. எஸ், எச், ஓ, எல், ஏ. கையில் இந்த ஐந்தும் இருந்தால் தயங்காமல் வையுங்கள். எட்டுப் புள்ளி உங்களுக்கு!