இருமடிப் பெர்கொலேஷன்: பாலிமர்க் கலவைகளில் கார்பன் நிரப்பியின் இருப்பிடமும் மின்கடத்துதிறனும்

திறவுச்சொற்கள்: பாலிமர்க் கலவை, கார்பன் பிளாக், நானோகுழாய், பெர்கொலேஷன் வரம்பு, இடைமுகம்

முன்னுரை

பாலிஎத்திலீன், பாலிஸ்டைரீன் முதலிய பாலிமர்கள் சிறந்த மின்காப்பிகள். மின்னணு உறுப்புகளைப் பொதியும் உறைகளில் இப்பண்பே குறையாகிறது. தேங்கும் நிலைமின்னூட்டம் உறுப்புகளைச் சிதைக்கிறது. எனவே கார்பன் பிளாக், கார்பன் நானோகுழாய் போன்ற நிரப்பிகளைச் சேர்த்துக் கடத்துதிறனை உயர்த்துகின்றனர்.

நிரப்பியின் அளவுக்கேற்பக் கடத்துதிறன் சீராக உயர்வதில்லை. ஒரு குறிப்பிட்ட செறிவு வரை கலவை காப்பியாகவே இருக்கும். துகள்கள் ஒன்றையொன்று தொட்டோ, எலக்ட்ரான்கள் தாவுமளவுக்குச் சில நானோமீட்டர் இடைவெளியில் நெருங்கியோ தொடர்வலை அமைக்கும்போது கடத்துதிறன் திடீரெனப் பன்மடங்கு உயரும். இச்செறிவே பெர்கொலேஷன் வரம்பு. அதனைக் கடக்க நிரப்பியை மேன்மேலும் சேர்ப்பது எளிய வழி. ஆனால் உருகிய கலவையின் பாகுநிலை ஏறி வார்ப்பது கடினமாகும், பொருளும் நொறுங்குந்தன்மை பெறும். ஆகவே, எவ்வளவு சேர்ப்பது என்பதைவிட எங்கே சேர்ப்பது என்பதே பயனுள்ள வினா.

நிரப்பியின் இருப்பிடம்

1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர் மசாவோ சுமிதாவின் குழுவினர் இவ்வினாவுக்கு இருமடிப் பெர்கொலேஷன் என்னும் கருத்தின்வழி விடை கண்டனர். ஒன்றில் ஒன்று கலவாத இரு பாலிமர்களை உருக்கிக் கலந்தால், தகுந்த விகிதத்தில் இரண்டும் பின்னிப் பிணைந்த தொடர் நிலைமைகளாக அமையும். நிரப்பி அவற்றுள் ஒன்றில் மட்டும் தங்கினால், அந்நிலைமைக்குள் துகள்வலை தொடர வேண்டும். அந்நிலைமையும் பொருள் முழுவதும் தொடர வேண்டும். இருமடி என்பதன் பொருள் இதுவே.

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகக் குழுவினர் 1994இல் வெளியிட்ட முடிவுகள் இதனை எண்களால் காட்டுகின்றன. கார்பன் பிளாக்கின் வரம்பு பாலிஎத்திலீனில் எடையளவில் 5 விழுக்காடு, பாலிஸ்டைரீனில் 8 விழுக்காடு. இவ்விரண்டும் 45:55 விகிதத்தில் கலந்து, நிரப்பி பாலிஎத்திலீனில் தங்கியபோது வரம்பு 3 விழுக்காடாயிற்று. இடைமுகத்தில் தங்கியபோதோ ஏறத்தாழ 0.4 விழுக்காடே போதுமானதாயிற்று.

நிரப்பி எங்கே தங்கும் என்பதை இடைமுக இழுவிசைகள் முன்னுரைக்கின்றன. நிரப்பிக்கும் ஒவ்வொரு பாலிமருக்கும் இடையிலான இழுவிசைகளின் வேறுபாட்டை, பாலிமர்களுக்கு இடையிலான இழுவிசையால் வகுத்து நனைதல் கெழு பெறப்படுகிறது. அதன் மதிப்பு −1க்கும் 1க்கும் இடையே அமைந்தால் துகள் இடைமுகத்தை நாடும்; இல்லையேல் ஏதேனும் ஒரு நிலைமையைத் தேர்ந்துகொள்ளும். இது சமநிலைக்குரிய கணிப்பு என்பதை மறத்தல் ஆகாது. உருகிய பாலிமர் பாகானது. கலக்கும் நேரமோ சில நிமிடங்களே.

இந்தத் தாமதத்தையே லியேஜ் குழுவினர் பயன்படுத்திக்கொண்டனர். துகள் குறைவாக விரும்பும் பாலிஸ்டைரீனில் கார்பன் பிளாக்கை முதலில் கலந்து, பின்னர் பாலிஎத்திலீனைச் சேர்த்தனர். துகள்கள் இடம்பெயரும் வழியில் இடைமுகத்தை அடைந்த தருணத்தில் கலத்தலை நிறுத்தினர். மேலும் கலந்திருப்பின் அவை பாலிஎத்திலீனுக்குள் சென்று வரம்பு மீண்டும் ஏறியிருக்கும்.

நானோகுழாய்களிடம் இவ்வுத்தி அவ்வளவாகப் பலிப்பதில்லை. நீளமும் மெல்லிய விட்டமும் கொண்ட அவை இடைமுகத்தை விரைந்து கடந்துவிடுகின்றன. ஸ்டைரீன்–அக்ரிலோநைட்ரைலில் முன்கலந்த குழாய்களும் இறுதியில் பாலிகார்பனேட்டிலேயே காணப்பட்டன. வடிவத்தால் தனித்த நிலையில் குறைந்த வரம்பு தரும் நிரப்பி, இடைமுகத்தில் நிறுத்துவதற்கு ஏற்றதாய் அமைவதில்லை.

இவ்வாறு பெற்ற அமைப்பும் நிலையானதன்று. மீண்டும் சூடேற்றி வார்க்கும்போது பின்னிய நிலைமைகள் பருத்துத் தம் தொடர்ச்சியை இழக்கலாம். ஆதலின் கலந்த நேரம், வெப்பநிலை, சேர்த்த வரிசை, வார்ப்பு முறை ஆகியவற்றைக் குறிப்பிடாமல் வரம்பை மட்டும் தரும் அட்டவணைகளை ஒப்பிடுதல், எத்துணை முயன்றாலும், பயன் தராது.