விதையின் உட்புறத்தைக் காட்டும் எக்ஸ்ரே படம்: அதன் தரமும், அதை நம்பத்தகும் அளவும்

விளைவின் மேன்மை வித்தின் மேன்மையைப் பொறுத்தது என்பதை விவசாயிகளுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் வித்தின் மேன்மை அதன் உட்புறத்தில் அடங்கியிருக்கிறது. நமது கண்ணோ மேல்தோலோடு நின்றுவிடுகிறது. முறத்திலிட்டுப் புடைத்தால் பதர் நீங்கும். உப்புக் கரைசலிலிட்டால் இலேசான மணிகள் மிதக்கும். ஆயினும் சோளமணியைத் துளைத்து முட்டையிட்டு, அத்துளையைத் தன் பசையாலேயே அடைத்துவிடும் கூன்வண்டின் வேலை வெளியே புலப்படுவதில்லை. பயறு வண்டின் புழு பருப்பைத் தின்று கொண்டிருக்கையிலும் தோல் பளபளப்பாகவே இருக்கும். தேக்கின் காயில் நான்கு அறைகள் உண்டு; அவற்றில் எத்தனை அறைகளில் விதை இருக்கிறது, எத்தனை வெறுமையாய் இருக்கின்றன என்பதை ஓட்டை உடைக்காமல் அறிவது அரிது.

இவ்விஷயங்களை விதையை உடைக்காமலே காட்டவல்லது எக்ஸ்ரே படம். ஜெர்மனி தேசத்து உர்ஸ்பர்க் நகரில் ராண்ட்கன் என்னும் பேராசிரியர் 1895-ஆம் ஆண்டில் இக்கதிர்களைக் கண்டுபிடித்தார். ஸ்வீடனில் வன மரங்களின் விதைகளை இம்முறையில் பரிசோதிக்கும் வழிகளை சிமாக் என்பார் 1950-களில் செம்மைப்படுத்தினார். அக்காலத்தில் படம் பிலிமில் எடுக்கப்பட்டது. 1980-களின் முற்பகுதியில் ஜப்பானியக் கம்பெனியாகிய பூஜி, பிலிமுக்குப் பதிலாக மறுமுறை உபயோகிக்கத்தக்க தகட்டையும் அதைப் படிக்கும் யந்திரத்தையும் வெளியிட்டது முதல் டிஜிட்டல் முறை பரவலாயிற்று. படம் இப்பொழுது எண்களாகப் பதிவாகிறது. ஆகவே அதைப் பின்னர்க் கணினியால் திருத்தவும் முடிகிறது.

திருத்த முடிகிறது என்பதிலேதான் நன்மையும் இருக்கிறது, அபாயமும் இருக்கிறது. விதை மூட்டையுடன் அழகியதொரு படத்தையும் காட்டி, "இதோ பாருங்கள், ஒரு சொத்தையும் இல்லை" என்று ஒருவர் சொன்னால், அதை நம்பி ஒரு போகத்தை ஒப்படைக்கலாமா? இக்கேள்விக்கு விடை காணவேண்டுமாயின் படத்தின் தரம் எவற்றால் அமைகிறது என்பதைச் சிறிது அறிந்திருத்தல் அவசியம்.

படம் உண்டாகும் விதம்

எக்ஸ்ரே படம் என்பது ஒரு வகை நிழலே. விளக்குக்கும் சுவருக்கும் நடுவே கையை நீட்டினால் நிழல் விழுவதுபோல, கதிர் புறப்படும் குழாய்க்கும் பதிவு செய்யும் தகட்டுக்கும் நடுவே விதை வைக்கப்படுகிறது. ஒளியைக் கை முழுவதும் தடுத்துவிடுகிறது. எக்ஸ்ரே கதிரையோ விதை ஒரு பகுதியே தடுக்கிறது. பருப்பு நிறைந்த இடத்தில் தடை அதிகம். பொந்து விழுந்த இடத்தில் குறைவு. வழக்கமான படத்தில் தடை மிகுந்த இடம் வெளுப்பாயும், கதிர் தாராளமாய்க் கடந்த இடம் கறுப்பாயும் தோன்றும். சிலர் இதைத் தலைகீழாக மாற்றிக் காட்டுவதுமுண்டு. ஆதலால் எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

தரத்தை நிர்ணயிக்கும் மூன்று குணங்கள்

முதலாவது, வெளுப்புக்கும் கறுப்புக்கும் உள்ள பேதம். விதை மெல்லிய பொருள். அதில் எலும்பைப்போல் கதிரைப் பலமாகத் தடுக்கும் சுண்ணாம்புச் சத்து இல்லை. மனிதரின் மார்பைப் படமெடுக்க வழக்கமாய் 100 கிலோவோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் உபயோகிக்கப்படுகிறது. அத்தகைய ஊடுருவும் கதிரை விதையின்மேல் செலுத்தினால், நிறைந்த மணியையும் அரிக்கப்பட்ட மணியையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கடந்துவிடும், பேதம் தோன்றாது. ஆகையால் விதைக்கு ஏறக்குறைய 20 முதல் 30 கிலோவோல்ட் வரையிலான மென்மையான கதிரே ஏற்றது. ஆஸ்பத்திரியிலுள்ள யந்திரம் விலையுயர்ந்ததேயாயினும், அதன் வழக்கமான அமைப்பில் எடுத்த விதைப்படம் சிறந்ததாகாது.

இரண்டாவது, உருவத்தின் கூர்மை. தகடானது பிக்ஸெல் எனப்படும் மிகச் சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. கட்டத்தின் அகலம் 0.2 மில்லிமீட்டராயின், 8 மில்லிமீட்டர் நீளமும் 3 மில்லிமீட்டர் அகலமுமுள்ள ஒரு நெல்மணி சுமார் 600 கட்டங்களிலேயே அடங்கிவிடும். 0.1 மில்லிமீட்டராயின் 2,400 கட்டங்களில் பதியும். ஒரு கட்டத்தைவிடக் குறுகிய வெடிப்பு தனியே தெளிவாய்த் தெரியாது. விதையைக் குழாயின் பக்கமாக நகர்த்தினால் நிழல் பெரிதாகும். தகடு 60 சென்டிமீட்டர் தூரத்திலும், விதை 15 சென்டிமீட்டர் தூரத்திலும் இருந்தால் உருவம் நான்கு மடங்காகும். ஆனால் பெரிய சுடரின் முன் நீட்டிய கையின் நிழல் ஓரம் மங்குவதுபோல, கதிர் புறப்படும் முகம் அகலமாயிருந்தால் பெரிதாக்கிய உருவமும் மங்கும். மேற்படி தூரங்களில் அம்முகம் 1 மில்லிமீட்டர் அகலமிருந்தால் தகட்டில் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஓரம் கலைந்துபோகும். அது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காயிருந்தால் கலைவு 0.03 மில்லிமீட்டரே. விதைப் பரிசோதனைக்குச் சிறுமுகக் குழாய் விரும்பப்படுவது இதனாலேயே.

மூன்றாவது, படத்தில் மணல் தூவியதுபோல் தோன்றும் புள்ளிச் சிதறல். தொழிலறிந்தோர் இதை இரைச்சல் என்பர். மழைத்துளிகள் எல்லாக் கல்லின்மேலும் ஒரே எண்ணிக்கையில் விழாததுபோல, கதிர்த்துணுக்குகளும் எல்லாக் கட்டங்களிலும் சமமாய் விழுவதில்லை. ஒரு கட்டத்தில் சராசரி 100 துணுக்குகள் விழுந்தால், ஏற்றத்தாழ்வு சுமார் 10, அதாவது நூற்றுக்குப் பத்து. சராசரி 10,000 விழுந்தால் ஏற்றத்தாழ்வு சுமார் 100, அதாவது நூற்றுக்கு ஒன்றே. புழு அரித்த சிறு பொந்தினால் உண்டாகும் பேதம் நூற்றுக்கு ஐந்தென்று வைத்துக்கொண்டால், முதற்படத்தில் அது சிதறலில் மூழ்கிவிடும்; இரண்டாவதில் தெளிவாய் நிற்கும். பேதமும் கூர்மையும் போதுமானதாயிருந்தும், கதிர் போதாமையால் படம் பயனற்றுப்போவது இவ்வாறே.

பிலிமில் கதிர் குறைந்தால் படம் வெளுத்தும், மிகுந்தால் கறுத்தும் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டல் முறையிலோ கணினி இரண்டையும் சமன்செய்து ஒரே அளவு பிரகாசமாகக் காட்டிவிடுகிறது. ஆகவே படம் பார்வைக்குப் பளிச்சென்றிருப்பது தரத்துக்கு அத்தாட்சியாகாது. சிதறல் எவ்வளவு என்பதையே நோக்கவேண்டும்.

எடுத்த பின் செய்யும் திருத்தங்கள்

திருத்தங்கள் இருவகைப்படும். ஒன்று, குறையை நீக்குவது. தகட்டின் கட்டங்கள் யாவும் ஒரே கூருணர்வு உடையனவல்ல. சில முற்றிலும் செயலிழந்திருக்கும். பொருள் ஏதும் வையாமல் வெறுந்தகட்டைப் படமெடுத்து, அதைக்கொண்டு இப்பேதங்களைச் சமன்செய்கிறார்கள். இது நியாயமானதும் அவசியமானதுமாகும். இதைச் செய்யாவிடில் தகட்டின் குறையே விதையின் பொந்துபோலத் தோன்றி, நல்ல விதைக்குக் கெட்ட பெயர் வரும்.

மற்றொன்று, தோற்றத்தை மாற்றுவது. ஓரங்களைத் துலக்கிக் காட்டும் திருத்தத்தை அளவோடு செய்தால் ஓட்டுக்கும் பருப்புக்கும் இடையிலுள்ள எல்லை நன்கு தெரியும். மிகுதியாகச் செய்தாலோ ஓரத்தை ஒட்டி, இல்லாத ஒரு கறுப்புக்கோடும் வெள்ளைக்கோடும் எழும். அதைக் கண்டு வெடிப்பென்று எண்ணிவிடலாம். அதற்கு நேர்மாறாக, புள்ளிச் சிதறலை வழித்து மழமழப்பாக்கும் திருத்தமும் உண்டு. கடும் வெயிலில் உலர்ந்து மீண்டும் ஈரம் பட்ட நெல்லின் உள்ளே மயிரிழைபோன்ற வெடிப்புகள் உண்டாகின்றன. மழமழப்பாக்குகையில் சிதறலுடன் இவையும் அழிந்துபோகக்கூடும். அப்படத்தைப் பார்ப்பவர் விதையைக் குற்றமற்றதென்று கருதுவார்.

சுருங்கச் சொன்னால், கதிர் பட்டபோது தகட்டில் பதியாத விவரத்தைப் பின்னர் எந்தக் கணக்காலும் உண்மையாய் வருவிக்க முடியாது. பதிந்ததைத் துலக்கலாம், பதிந்ததை அழிக்கவும் செய்யலாம். இக்காலத்தில் நல்ல மணியையும் சொத்தையையும் தானே எண்ணும் கணினிமுறைகளும் வந்திருக்கின்றன. அவை ஒருவகைப் படங்களைக்கொண்டு பழக்கப்பட்டவை. வேறுவிதமாய்த் திருத்திய படத்தைக் கொடுத்தால் அவையும் பிழைபடக்கூடும்.

படத்தைப் பார்க்கும் திரை

நல்ல தகடு 4,096 அல்லது அதற்கு மேற்பட்ட சாயைகளைப் பிரித்துப் பதிகிறது. சாதாரணத் திரை காட்டுவது 256 சாயைகளே. எனவே பதிவிலுள்ள 16 சாயைகள் திரையில் ஒன்றாகிவிடுகின்றன. இதற்காகவே பார்ப்பவர், தமக்கு வேண்டிய சாயைகளின் வரம்பை மட்டும் தெரிந்தெடுத்துத் திரை முழுவதும் விரித்துப் பார்க்கிறார். ஒரு வரம்பில் ஓடு தெளிவாகும். வேறொரு வரம்பில் பருப்பு தெளிவாகும். அசல் பதிவு கையிலிருந்தாலன்றி இவ்வாறு மாற்றிப் பார்க்க இயலாது. மருத்துவத் துறையில் திரைகளின் சாயைப்படிகள் கண்ணுக்குச் சமமாய்த் தோன்றும்படி அமைக்க டைகாம் என்னும் பொதுவிதியில் ஒரு பகுதியே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

செல்போனில் அனுப்பப்படும் நகல், அளவைச் சுருக்குவதற்காக நுண்விவரங்கள் நீக்கப்பட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். அதை வெயிலில் நின்று பார்த்தால் கறுப்புப் பகுதிகளில் உள்ள பேதம் யாவும் மறையும். மங்கிய வெளிச்சமுள்ள அறையில், பெரிய திரையில், அசல் பதிவையே பார்த்தல் முறை.

மாந்தோப்புக்காரர்கள் கவனிக்க

மாங்கொட்டை வண்டு இளங்காயின்மேல் முட்டையிடுகிறது. புழு சதையைத் துளைத்துக் கொட்டைக்குள் புகுந்தபின் அவ்வழி ஆறி மறைந்துவிடுவதால், பழத்தின் தோலில் குற்றம் தெரிவதில்லை. ஏற்றுமதியில் ஒரு பழத்தில் இவ்வண்டு அகப்பட்டாலும் முழுச் சரக்கும் மறுக்கப்படக்கூடும். பம்பாயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் 1990-களில் எக்ஸ்ரே படத்தால் இவ்வண்டையும், அல்போன்சா பழத்தின் சதையில் நேரும் பஞ்சுபோன்ற கேட்டையும் பழத்தை அறுக்காமலே காணலாமென்று காட்டினார்கள். கொட்டையின் அகன்ற பக்கம் கதிரை நோக்கும்படி பழத்தைக் கிடத்துவது நலம். படம் வண்டைக் காட்டுமேயன்றி ஒழிக்காது. உதிர்ந்த பழங்களையும் கொட்டைகளையும் பொறுக்கி அழிப்பதே தோப்பில் செய்யவேண்டிய முதற்காரியம்.

படமெடுப்பதனால் விதையிலோ பழத்திலோ கதிரியக்கம் தங்குவதில்லை. அமெரிக்காவுக்கு 2007 முதல் இந்திய மாம்பழம் அனுப்புகையில் 400 கிரே அளவு கதிர் பாய்ச்சப்பட்டது, பூச்சியை மலடாக்குவதற்கான தனி ஏற்பாடு. படமெடுப்பதற்கு வேண்டிய அளவு அதனுடன் ஒப்பிட மிகமிகச் சொற்பம். இரண்டையும் ஒன்றென எண்ணலாகாது.

படம் காட்டாத ஒரு விஷயம்

எவ்வளவு சிறந்த படமாயினும் உயிரைக் காட்டாது. சேமிப்பில் சூடேறியோ வயது முதிர்ந்தோ செத்துப்போன விதை, உள்ளே நிறைவாகவே இருக்கும்; படத்திலும் நல்ல விதைபோலவே தோன்றும். நிறைவு, வெறுமை, பூச்சியரிப்பு, உடைவு ஆகிய இவைகளை அறியவே படம் உதவும். முளைப்பை அறிய முளைப்புப் பரீட்சையே வழி. நெல்லுக்குச் சான்றளிப்பதற்கு நூற்றுக்கு 80-ம், நிலக்கடலைக்கு 70-ம் குறைந்தபட்ச முளைப்பாக வகுக்கப்பட்டிருப்பதும் முளைத்த விதைகளை எண்ணித்தானேயன்றிப் படத்தைப் பார்த்து அன்று.

ஆகையால் விவசாயிகளும் கிராம உத்தியோகஸ்தர்களும் அடியிற்கண்டவற்றை நினைவில் வைத்தல் நலம்:

1. படம் காட்டப்பட்டால், அது எந்த மூட்டையின் மாதிரி, எத்தனை விதைகளின் படம் என்று கேட்கவும். மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்த மாதிரியே செல்லுபடியாகும்.

2. திருத்தாத அசல் பதிவையும் உடன் காட்டும்படி கேட்கவும். திருத்திய படத்தில் மட்டும் காணும் கோட்டையோ பொந்தையோ உடனே நம்பவேண்டாம். அசலில் இருந்து திருத்தியதில் மறைந்ததையும் அலட்சியம் செய்யவேண்டாம்.

3. ஐயமுள்ள சில மணிகளைப் பிளந்து பார்த்துப் படத்துடன் ஒப்பிடவும். படமெடுப்பவரின் திறமைக்கு இதைவிடச் சிறந்த பரீட்சை இல்லை.

4. படம் எவ்வாறிருப்பினும், விதைக்குமுன் 100 விதைகளை எண்ணி ஈரச்சாக்கில் பரப்பிச் சுருட்டி நிழலில் வைத்து, ஈரம் உலராமல் காத்து, முளைத்தவைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளவும்.

படத்தால் சொத்தை விதையை விதைப்பதற்கு முன்பே கண்டு விலக்கலாம். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது தகாது. ஒரு ஈரச்சாக்குக்கு ஆகும் செலவு அற்பம். முளையாத நாற்றங்காலினால் இழக்கும் பருவமோ எவ்வளவு பணம் கொடுத்தாலும் அவ்வாண்டில் திரும்ப வராது.