ஆல்பெர் காம்யு: எல்லை அறிந்த கிளர்ச்சி

ஆல்பெர் காம்யு, பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அல்ஜீரியாவில் 1913ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை முதல் உலகப்போரில் மாண்டார். எழுத்தறியாத தாய், பிறர் வீடுகளில் துப்புரவுப் பணி செய்து குடும்பத்தைக் காத்தார். தந்தையைப் பற்றிக் காம்யு கேட்டறிந்தவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. ஒரு குடும்பத்தையே குழந்தைகளோடு கொன்றவனின் தலை வெட்டப்படுவதைக் காண, அது தக்க தண்டனையே என்ற உறுதியுடன் தந்தை விடியுமுன் புறப்பட்டுச் சென்றார். திரும்பி வந்தவர் எவரிடமும் பேசவில்லை, கட்டிலில் சாய்ந்தார், பின்னர் வாந்தி எடுத்தார். மரண தண்டனையை எதிர்த்து 1957இல் எழுதிய நெடுங்கட்டுரையைக் காம்யு இந்நிகழ்ச்சியுடனேயே தொடங்குகிறார்.

'அந்நியன்' புதினமும் 'சிசிஃபஸின் தொன்மம்' என்னும் கட்டுரை நூலும் 1942இல் வெளிவந்தன. மனிதன் வாழ்வுக்குப் பொருள் வேண்டுகிறான். உலகமோ மறுமொழி தருவதில்லை. இவ்விரண்டும் மோதுமிடத்தில் பிறப்பதையே அவர் அபத்தம் என்றார். ஆயினும் தற்கொலை அதற்கு விடையாகாது என்பதே அந்நூலின் முடிவு. அவரை இருத்தலியலாளர் எனப் பலர் அழைப்பினும், அப்பெயரை அவர் ஏற்கவில்லை.

வாழ்வுக்கு முன்வகுத்த பொருள் இல்லையெனில், கொலையை மட்டும் எவ்வாறு தவறென்பது? இவ்வினாவே அவரை அரசியலுக்குள் இழுத்தது. நெடுநாள் பணிந்திருந்த அடிமை ஒருநாள் மறுத்து நிற்கிறான். அம்மறுப்பில் ஓர் ஏற்பும் உண்டு. தன்னிடம் எவரும் மீறக்கூடாத ஒன்று இருப்பதை அவன் உணர்கிறான். அது தனக்கு மட்டுமன்று, எல்லார்க்கும் உரியது. எனவே நாளைய நன்மையைக் காட்டி இன்று கொலையை நியாயப்படுத்தும் கிளர்ச்சி, தான் தோன்றிய காரணத்தையே இழந்துவிடுகிறது. 1951இல் வெளியான 'கிளர்ச்சியாளன்' நூலில் அவர் இதனை வாதிட்டார். சோவியத்து முகாம்களையும் கண்டித்தார். மறு ஆண்டே சார்த்தருடனான நட்பு முறிந்தது.

இக்கருத்து ஏட்டில் மட்டும் பிறந்ததன்று. நாசிகளின் பிடியிலிருந்து பிரான்சு மீண்டபோது, 'கோம்பா' நாளிதழின் ஆசிரியராயிருந்த காம்யு, எதிரிக்குத் துணைபோனோரைக் கடுமையாகத் தண்டிக்க வேண்டுமென்று எழுதினார். இரக்கம் வேண்டிய மொரியாக்குடன் வாதிட்டார். ஆனால் 1945 சனவரியில், நாசிகளை ஆதரித்த எழுத்தாளர் பிரசியாக்கின் உயிரைக் காக்கக் கோரும் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். அவன் மீது அவருக்கு வெறுப்பே இருந்தது. விண்ணப்பம் பயனளிக்கவில்லை, பிரசியாக் சுட்டுக் கொல்லப்பட்டான்.

பிறந்த மண்ணில் இச்சிந்தனை இடறியது என்றே கூறவேண்டும். கபிலியப் பகுதி மக்களின் பட்டினியை 1939இலேயே நாளிதழில் அம்பலப்படுத்தியவர் காம்யு. ஆயினும் அல்ஜீரியாவின் முழு விடுதலையை அவரால் ஏற்க இயலவில்லை. பொதுமக்களைக் கொல்வதையேனும் இருதரப்பும் நிறுத்துக என 1956இல் அல்ஜியர்சில் வேண்டினார், செவிசாய்ப்பார் இல்லை. அதன்பின் அவர் பொதுவெளியில் பெரும்பாலும் மௌனம் காத்தார். எனினும் மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த அல்ஜீரியர் பலருக்காக ஆட்சியாளர்க்கு மடல்கள் எழுதிக்கொண்டிருந்தார்.